பன்னீர் தெளித்த படம்

எனக்குச் சிங்கப்பூர் முழுக்கச் சோம்பேறி என்று பெயர் வாங்கிக் கொடுத்த பத்திரிகைப் படத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 1953-இல் வந்தது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் தையல். பதினோரு பெண்பிள்ளைகள் சுற்றி நிற்க, கைக்குட்டையில் பூவேலை போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பத்திரிகைப் படக்காரர் நூர்தீன் வந்து ஒரு படம் எடுத்துப் போனார்.

மறுநாள் பத்திரிகையில் நான் மட்டும் இருந்தேன். பிள்ளைகளை வெட்டி எறிந்துவிட்டார்கள். கீழே, 'மாணவிகள் காத்திருக்க, ஆசிரியை மங்களம் சொந்த வேலையில்' என்று ஒரு வரி. பத்திராதிபர் சேதுபதி எழுதியது. மனிதர் எங்கள் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை.

தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர்கூட, "என்ன டீச்சர், ஸ்கூல்ல இன்னைக்கு எத்தனை பூ போட்டீங்க?" என்று கேட்டார். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியை பதவி வேறொருத்திக்குப் போயிற்று. மறுப்பு கேட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். சேதுபதி எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிரவே இல்லை. "போட்டுடலாம்மா, போங்க" என்றார். போட்டார். நாலாம் பக்கம், கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரி. ஒரு ஈ, காக்கைகூடப் படிக்கவில்லை. இந்த ஆளை விடுவதில்லை என்று அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

எட்டு வருடம் காத்திருந்தேன். 1961-இல் சேதுபதி ஒரு பெரிய சங்கத்தின் தலைவர் பதவிக்கு நின்றார். தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பரிசளிப்பு விழா அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அவரையே தலைமை தாங்க அழைக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் சொன்னது நான்தான். என் பெருந்தன்மையை எல்லாரும் பாராட்டினார்கள்.

நூர்தீன் இதற்குள் போட்டிப் பத்திரிகைக்கு மாறியிருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தையல் வகுப்புன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன் டீச்சர், அந்த ஆளு கேக்கல" என்று தலைகுனிவார்.

"பாய், நான் மேடையில பன்னீர் தெளிப்பேன். அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "அல்லா மன்னிக்கணும்லா" என்று சிரித்தார்.

விழாவில் சேதுபதிக்கு மாலை போட்டு, சந்தனம் கொடுத்து, பன்னீர்ச் செம்பை முகத்துக்கு நேரே மூன்று முறை உதறினேன். கண்ணை இறுக்க மூடித் தலையைத் தொங்கப் போட்டார். மறுநாள் வந்த படத்தில் என் கையும் இல்லை, செம்பும் இல்லை. 'மாணவிகள் பேச, தலைவர் உறக்கத்தில்'. அந்த வரி நான் எழுதிக் கொடுத்தது. பொய்தான்.

ஞாயிறன்று அவர் ஓட்டுக் கேட்டுப் பேச எழுந்ததும் யாரோ குறட்டை விட்டார்களாம். மண்டபமே சிரித்ததாம். தோற்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கே வந்துவிட்டார். "பன்னீர் கண்ணுல பட்டுச்சும்மா! தெளிச்சவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்ப அவங்கள மறுப்பு போடச் சொல்லுங்க!"

நான் பூவேலை போட்டுக்கொண்டிருந்த கைக்குட்டையிலிருந்து நிமிரவில்லை. "சொல்லியாச்சு சார். நாளைக்கு வருது. நாலாம் பக்கம், கூந்தல் தைலத்துக்குக் கீழே, ரெண்டு வரி."

அவர் என் கையில் இருந்த ஊசியையும் நூலையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் யார் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.