மாற்றிச் சொன்ன முடிவு

மஞ்சளைக் குழைத்து நூல்கயிற்றில் தேய்த்துக்கொண்டிருந்தாள் மயிலாள். கூடத்தில் அக்கா சென்னம்மாளைக் குளிப்பாட்டிக் கிடத்தியாயிற்று. கயிறு கட்டினால் தூக்கிவிடலாம் என்று அண்ணன் அர்த்தநாரி பறந்துகொண்டிருந்தான்.

தாலிக் கயிறு! அதை என்றைக்கோ கழற்றிக் குடிகாரப் புருசன் முகத்தில் எறிந்துவிட்டு வந்தவள் சென்னம்மாள். மண்ணரைப் பக்கம் தோழி விஜயராணியோடு ஒரே வீட்டில் குடியிருந்து, ரெண்டு பேருமாக பனியன் தைக்கிற ஓவர்லாக் மிஷின் போட்டு, எவன் தயவும் இல்லாமல் பிழைத்தாள். அப்போதெல்லாம் எட்டிப் பார்க்காத அந்த மகராசன், இன்றைக்கு அண்ணன் செல்போனில் கூப்பிட்டதும் வெள்ளை வேட்டியில் வந்து பந்தலில் டீ குடிக்கிறார். புருசன் இருக்கையில் வெறுங்கழுத்தோடு போனால் பொறந்த வீட்டுக்கு ஆகாதாம்.

மஞ்சள் தண்ணியைக் கொட்ட மயிலாள் வாசலுக்கு வந்தாள். விஜயராணி தண்ணித் தொட்டியோரம் நின்றாள். தாலியறுத்தவள், வேற்று சாதி என்று அவளை உள்ளே விடவில்லை. கையில் காதர்பேட்டைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் நாவல்.

"மயிலு, உன் காலப் புடிச்சுக் கேக்கேன். அந்தக் கயித்த மட்டும் கட்டிராத தாயி. செத்தாலும் அந்தாளு பேரு என் கழுத்துல ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டே இருந்தா."

"நான் என்னங்கக்கா பண்டறது? எங்கூட்டுக்காரரே அண்ணன் கம்பெனியிலதானுங்க கட்டிங் மாஸ்டரு."

சொல்லும்போதே மயிலாளுக்கு வெட்கமாக இருந்தது. பார்வை அந்தப் புத்தகத்தில் விழுந்தது. மிஷின் ஓய்ந்ததும் விஜயராணி இது மாதிரிப் புத்தகங்களைப் படித்து அக்காவுக்குத் தமிழில் சொல்லுவாள், போகிற நாளில் மயிலாளும் கூட உட்கார்ந்து கேட்பாள். குதிரை வண்டியும் மாளிகையுமாக இருநூறு வருசத்துக்கு முந்தின சீமைக் கதைகள். ஒவ்வொன்றிலும் கடைசியில் அந்தச் சீமாட்டி, கட்டிக்கொள்ள வந்த துரையைப் போடா என்று அனுப்பிவிட்டுத் தோழியோடு தனி வீடு பார்த்துப் போய்விடுவாள். சென்னம்மாள் கைதட்டிச் சிரிப்பாள்.

"இந்தக் கதை பாதியில நின்னுச்சேங்க. கடைசில என்னாகுதுங்கக்கா?"

"கல்யாணந்தான். எல்லாப் புஸ்தகத்துலயும் கடைசில கல்யாணந்தான் தாயி. நாந்தான் அவளுக்காக மாத்திச் சொல்லுவேன்."

மயிலாள் கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். இந்தக் கயிற்றைச் சாக்கடையில் வீசினால் யார் என்ன செய்துவிட முடியும்?

"ஏ மயிலு! அங்க என்ன பேச்சு? கயித்தக் கொண்டா!" உள்ளேயிருந்து அண்ணன் கத்தினான்.

கொண்டுபோனாள். பாவி, கொண்டுதான் போனாள். மாப்பிள்ளை குனிந்து ஒரு முடிச்சுப் போட்டார். குடித்திருந்ததில் அதுவும் ரெண்டு தரம் நழுவியது. மிச்ச ரெண்டு முடிச்சையும் அண்ணன் மயிலாளைப் போடச் சொன்னான். அக்காவின் கழுத்து சில்லென்றிருந்தது.

"பாருங்க, மகாலட்சுமியாட்டப் போறா," என்றாள் சொந்தக்காரி ஒருத்தி.

வெளியே தூக்கி வந்தபோது விஜயராணி கழுத்தைப் பார்த்தாள். அழவில்லை. மயிலாள் அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"யாராச்சுங் கேட்டா இதையும் மாத்திச் சொல்லிப்போடுங்கக்கா."

விஜயராணி பாடையின் பின்னால் நடந்தாள். வழக்கப்படி தெருமுக்கில் பொம்பளைகள் எல்லாரும் நின்றார்கள், அவள் நிற்கவில்லை. அர்த்தநாரி திரும்பி ஏதோ அதட்டினான். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டேயிருந்தாள். மயிலாள் முக்கிலேயே நின்றாள், விரலெல்லாம் மஞ்சளாக.