குணவதியின் பிறந்தநாள் கசிந்த வழக்கு

ஜவுளிக்கடையிலிருந்து குணவதியின் பிறந்தநாள் கசிந்துவிட்டது. பில் போடும் இடத்தில் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்கு ஆசைப்பட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்த நாலாயிரம் பேருடைய பிறந்தநாட்களும் வெளியே போய்விட்டதாகக் கடை பதிவுத் தபாலில் வருத்தம் தெரிவித்திருந்தது. கைபேசி எண்களும் போயிருந்தன. அது பரவாயில்லை, எண்ணுக்கு வயதாவதில்லை.

ஆகஸ்ட் பதினேழு அன்று குணவதி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் காத்திருந்தாள். தேதி வந்தது, ஆனால் அவளுக்கு வரவில்லை. முன்பின் தெரியாத அறுபது பேர் எங்கெங்கோ கேக் வெட்டினார்கள். அவள் மட்டும் நாற்பத்தைந்திலேயே நின்றாள்.

கேள்விப்பட்ட பெண்கள் வயிறெரிந்தார்கள். எரியட்டும். அவர்களுக்குச் சுகந்தி என்றொரு தங்கை இல்லையே!

அடுத்த தெருவில் இருந்த சுகந்தி அவளுக்குப் பதினோரு மாதம் இளையவள். வருடத்தில் ஜூலை பதினேழிலிருந்து ஒரு மாதம் இருவருக்கும் ஒரே வயது. அந்த ஒரு மாதம் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று அவர்கள் அம்மா சிறு வயதிலேயே சுகந்திக்கு அனுமதி கொடுத்திருந்தாள். ஆகஸ்ட் பதினேழு விடிந்ததும் மறுபடி "அக்கா" என்று வந்து நிற்பாள். இந்த முறை ஐப்பசி மழை பிடித்த பிறகும் "குணவதி, குடையை எங்க வெச்சே?" என்றுதான் கேட்டாள். தப்புச் சொல்வதற்கில்லை. அடுத்த ஜூலையில் சுகந்திக்கு நாற்பத்தாறாகிவிடும். அன்றிலிருந்து குணவதிதான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவிடம் முறையிட்டாள். எழுபத்தொரு வயது அம்மா சீரியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வயசுல யாரு பெரியவளோ அவதான் பெரியவ. இதுல நான் என்ன பண்ணட்டும்?"

கடைக்குப் போனாள். மேலாளர் உட்கார வைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, ஓராண்டு இலவசக் கண்காணிப்பு தருவதாகச் சொன்னார். மறுநாளே தங்கராசு என்பவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியுடன் வந்து வாசலில் அமர்ந்தார். குணவதியிடம் மிச்சமிருந்த நட்சத்திரம், ரத்த வகை முதலானவற்றை யாராவது எடுத்துப் போகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. நல்ல மனிதர். நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே மனுப் போடலாம் என்று அவளுக்குச் சொன்னதே அவர்தான். மனுவையும் அவரே எழுதிக் கொடுத்தார், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

விசாரணையில் கடையின் வக்கீல் எழுந்தார். "வயசு ஏறலை. இதுக்கு எங்க கட்சிக்காரருக்கு அந்தம்மா நன்றியல்லவா சொல்லணும்? நட்டம் எங்கே?"

"நட்டத்தைச் சொல்லுங்கம்மா" என்றார் ஆணையத் தலைவர்.

"போன தீபாவளிக்கு என்ற தங்கச்சி, 'குணவதி, எந்திரிச்சுத் தண்ணி கொண்டா'ன்னு சொன்னாளுங்க. நானும் கொண்டுபோய்க் குடுத்தேனுங்க." சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள்.

கடைத்தரப்புச் சாட்சியாகச் சுகந்தி கூண்டேறினாள். "இவ போட்டுக் கழிச்ச பாவாடையப் போட்டுத்தானுங்க நான் வளந்தேன். எனக்குன்னு புதுசா ஒண்ணு கிடையாது. ஒரு வருசமாச்சும் பெரியவளா இருந்துட்டுப் போறேனே!"

அவளும் அழுதாள். தலைவர் இரண்டு அழுகைகளையும் பதிவு செய்துகொண்டார்.

ஜூலை முதல் வாரம் தீர்ப்பு வந்தது. அறுபது பேர் பயன்படுத்திவிட்ட பொருளைத் திரும்பப் பெறுவது சாத்தியமில்லை. ஆகவே அதற்கு மாற்றாக, தரத்தில் குறையாத வேறொரு பிறந்தநாளை மனுதாரரே தேர்ந்தெடுக்கக் கடை வகை செய்ய வேண்டும்.

குணவதி சுகந்தியையும் அழைத்துக்கொண்டு போனாள். என்னதான் வழக்கு நடந்தாலும் ஜவுளிக்கடைக்குத் தனியாகப் போய் ஒன்றை எடுத்துவிட முடியுமா?

மேலாளர் பாயில் பிறந்தநாட்களை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். "இது மார்கழி, ஒத்தைப் பீஸ். இது பிப்ரவரி இருபத்தொம்போதுங்க, நாலு வருசத்துக்கு ஒருக்கா உடுத்துனாப் போதும்."

சுகந்தி எல்லாவற்றையும் தள்ளினாள். எல்லாம் தொண்ணூறுக்குப் பிந்திய சரக்கு. அதை எடுத்தால் குணவதி அவளுக்கு மகள் முறையாகிவிடுவாள். "மேல இருக்கறத எடுங்க" என்றாள்.

மேலாளர் ஏணி போட்டு ஏறி, காக்கித்தாள் சுற்றிய ஒன்றை இறக்கித் தூசி தட்டினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது. வைகாசி. அந்தக் காலத்துச் சரக்கு, இப்ப வர்றதில்லீங்க."

சுகந்தி அதன் ஓரத்தை இரு விரலால் தேய்த்துப் பார்த்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு குணவதியின் தோளில் போட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள்.

"எடுத்துக்கக்கா. உனக்கு எடுப்பா இருக்குது."

அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு வருடமாகப் போகிறது. குணவதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு வேறு எதையும் விரிக்கச் சொல்லவில்லை.

இருவரும் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். குணவதியை ஏற இறங்கப் பார்த்தாள். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்கக்கா, உக்காருங்க" என்றாள். பிறகு சுகந்தியிடம் திரும்பினாள். "பெரியவளே, நின்னுட்டே இருக்கறயே. பெரியம்மாளுக்குக் காப்பி வையி."

சுகந்தி முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பால் காய்ந்ததும் எட்டிப் பார்த்தாள்.

"பெரியம்மா, சக்கரை போடலாமுங்களா?"

"அரை ஸ்பூன் போடு கண்ணு" என்றாள் குணவதி.