மிதிக்கும் கால்

...நாக்கு வறளும், மலச்சிக்கல் வரும், படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், கை நடுங்கும், அப்புறம்... ஐந்தாவது என்ன? நோட்டை மடியில் கவிழ்த்துவிட்டு குணசுந்தரி கண்ணை மூடிப் பார்த்தாள், ஐந்தாவது வரவில்லை, வராமல் எங்கே போகும், அதுதானே மற்ற நாலையும் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது, உட்கார முடியாமை, கால் ஓரிடத்தில் நில்லாமை, நோட்டில் அதற்கு அகதீசியா என்று பெயர். ஆரணியில் கிளம்பும்போதே பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை, ஜன்னல் கம்பிக்கும் பூக்கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கும் நடுவில் அவளைச் செருகி வைத்ததுபோல் இருந்தது. பத்து மணிக்கு வேலூரில் மனநோய் நர்சிங் பரீட்சை, குளோர்ப்ரோமசின் மாத்திரையின் பக்க விளைவுகளும் நர்சின் கடமைகளும் என்று ஒரு கேள்வி வந்தே தீரும் என்கிறார்கள், வேறு எது வந்தாலும் எழுதிவிடுவாள், இதை எழுதுவாளா... நேற்று அண்ணனுக்கு வருஷத் திதி, அதற்காகத்தான் வேலூர் ஹாஸ்டலில் லீவு கேட்டு ஊருக்கு வந்தது, வராமல் இருந்திருக்கலாமோ.

ஜெயவேல் அண்ணன் பதினைந்து வருஷம் பட்டுத்தறியில் உட்கார்ந்தவன். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று ஒருநாள் தறியை விட்டு எழுந்தான், அவள்தான் வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள், இதே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள், பேச்சுச் சத்தம் நின்றது, மறுபடி தறிக்குழியில் காலை இறக்கினான், அம்மா அம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, சாப்பிட உட்கார்ந்தாலும் கால் இரண்டும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருந்தது ஒன்றைத் தவிர. தறிக்குப் பாவு நூல் கொடுக்கும் தணிகாசலம் வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா ஜெயவேலு, தறியில்லாமலே நெய்யறே, சேலை எங்கடா?" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். தறியின் மிதிகட்டையை மிதித்தே வளர்ந்த கால், மிதிக்காமல் என்ன செய்யும்... ஒரு வாத்தியார் வீட்டில், ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டில் அவன் பிறந்திருந்தால் மறுநாளே என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள், நெசவுக்காரர் வீட்டில் யார் கேட்பார்கள். அவன்தான் சொன்னான், அவள் லீவுக்கு வந்திருந்தபோது, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டு, "பாப்பா, நான் மிதிக்கலம்மா, உள்ளேருந்து யாரோ மிதிக்கிறாங்க, படுக்க முடியல." யாரோ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். மறுபடி யாரோ வந்துவிட்டார்கள், மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை, நோய் முற்றுகிறது... "அம்மா, நீ எதிர்ல நின்னு குடு, மத்தியானத்துக்கும் ஒண்ணு சேத்துக் குடு." அப்போது அவள் இரண்டாம் வருஷம், மனநோய்ப் பாடம் மூன்றாம் வருஷத்தில்தான், இருந்தாலும் அம்மா, நீ பாதி டாக்டரு, நீ சொன்னா சரி என்றாள்.

"காலை ஆட்டாத கண்ணு, வீட்டுக்கு ஆவாது." பூக்கூடைக்கார அம்மாள்தான். குனிந்து பார்த்தாள், தன் வலது கால்தான், எப்போதிலிருந்து ஆடுகிறது... "பரீட்சைங்க, அதான்." "இன்னா படிப்பு?" "நர்ஸுங்க." "அட, அப்போ என் முட்டிவலிக்கு ஒரு மாத்திரை சொல்லேன், வேலூர்ல இறங்கி வாங்கிக்கிறேன்." டாக்டரைப் பாருங்க என்றாள், குரல் தேவைக்கு மேல் வெடுக்கென்று வந்துவிட்டது. "டாக்டரு மூஞ்சியே பாக்க மாட்டான், நீன்னா பக்கத்துல உக்காந்துகினு காது குடுத்துக் கேப்பே," அம்மாள் பூவில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள், அவள் மறுபடி விரித்த நோட்டில் ஒரு சொட்டு விழுந்தது. காது கொடுத்தா... நர்சின் கடமைகள், ஒன்று, நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும், இரண்டு, கால் நில்லாமையை நோய் முற்றியதாக எண்ணி மருந்தைக் கூட்டக்கூடாது, உடனே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கு மாற்று மருந்து உண்டு, மூன்று, இந்த மாத்திரை சாப்பிடுகிறவரை வெயிலில் விடக்கூடாது.

கண்ணமங்கலத்துக்கு முன்னால் அந்தப் புளியமரம் வந்தது, போனது, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஆரணியிலேயே நினைத்திருந்தாள், மறந்து பார்த்துவிட்டாள். சித்திரை வெயிலில் இங்கேதான் விழுந்து கிடந்தான், காலில் செருப்பில்லை. கால் நிற்காதவன், நடந்துகொண்டே போயிருக்கிறான் என்றார்கள், அவளும் அப்படித்தான் ஒரு வருஷமாக நினைத்திருந்தாள். போலீஸ்காரர் அவன் வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததை அம்மா நேற்றுத்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், மாத்திரைப் பொட்டலம், அப்படியே அடுப்பில் போட்டுட்டேன் சுந்தரி. சும்மா நடக்கப் போகிறவன் மாத்திரையை ஏன் எடுத்துக்கொண்டு போக வேண்டும்? நடக்கத்தான் வேண்டுமென்றால் வீட்டைவிட்டு இறங்கினால் சேத்துப்பட்டு ரோடுதான் கிட்டம், ஊரைத் தாண்டி வந்து ஏன் இந்த ரோட்டைப் பிடித்தான்... இந்த ரோடு எங்கே போகிறது?

கண்ணமங்கலத்தில் நாலு பேர் இறங்கி எட்டுப் பேர் ஏறினார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் நகர்ந்தது, இனிமேல் வேலூர் வரைக்கும் அண்ணன் நடக்காத ரோடு. நோட்டைத் திறந்தாள், தண்ணீர் பட்ட இடத்தில் ஒன்று என்று எழுதிய கடமையின் மை கலங்கியிருந்தது, கீழே கால் தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது, அம்மாள் அதற்கு இடம் விட்டுக் கூடையை நகர்த்தி வைத்தாள்.