எட்டாயிரம் சுற்றுக்கு ஒரு ஸ்பிரிங்

அம்மாவின் எடை பார்க்கும் மெஷினை ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை. எங்கள் கார் இன்ஜினின் வால்வ் ஸ்பிரிங்குகளைச் சோதிப்பது எப்போதும் அண்ணன் வேலை. அன்றைக்கு அவன், பேலன்ஸ் செய்யக் கொடுத்திருந்த கிராங்க் தண்டை வாங்கிவரப் பட்டறைக்குப் போயிருந்தான். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானே ஆரம்பித்தேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ட்ரில்லிங் மெஷினின் மேடையில் எடை மெஷினை வைத்து, அதன் மேல் ஸ்பிரிங்கை நிறுத்த வேண்டும். பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டு. வால்வ் மூடியிருக்கும்போது ஸ்பிரிங் எவ்வளவு உயரத்தில் அமருமோ அந்த உயரத்துக்கு வெட்டியது. கைப்பிடியை இழுத்து ஸ்பிரிங்கை அந்த உயரம் வரை அமுக்கி, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். புது ஸ்பிரிங் நாற்பது கிலோவுக்கு மேல் காட்ட வேண்டும். அது இருபத்தைந்தில் நின்றது.

முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். கீழே இறக்கி நானே அதன் மேல் ஏறி நின்றேன். என் எடையைச் சரியாகத்தான் காட்டியது, வருத்தப்படும் அளவுக்குச் சரியாக. இரண்டாவது ஸ்பிரிங்கை வைத்தேன். அதுவும் இருபத்தைந்து. எட்டும் அப்படியே.

சுவரில் எங்கள் திட்டம் சாக்பீஸில் எழுதியிருந்தது. எங்களுடையது பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். அம்மா அதற்கு வைத்த பெயர் சோப்பு டப்பா. அதன் இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றோடு மூச்சு வாங்கிவிடும். அதை எட்டாயிரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எடை குறைந்த பிஸ்டன், பேலன்ஸ் செய்த கிராங்க், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் புதிது, எல்லாவற்றுக்கும் மேலாக இறுக்கமான ஸ்பிரிங். அத்தனை வேகத்தில் பிஸ்டன் மேலே வருவதற்குள் வால்வைச் சட்டென்று இழுத்து மூட வேண்டியது அதுதான். குளிர்காலம் முழுக்க நானும் அவனும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று அடித்து அடித்து எழுதிய திட்டம். இன்ஜின் பூட்டுவது அவன், மலைப்பாதைப் போட்டியில் ஓட்டுவது நான்.

ஒரு ஸ்பிரிங்கை நகத்தால் சுரண்டினேன். புதிதாக வந்த ஸ்பிரிங்குகளில் நீலக்கோடு இருக்கும். இதிலும் இருந்தது. ஆனால் அந்த நீலம் எங்கள் கார் கதவின் நீலம். உரிந்த பெயின்டுக்கு அடியில் துருப் புள்ளி எட்டிப் பார்த்தது. பழையதைக் கழுவி, துடைத்து, கோடு வரைந்து, புதியது போல் துணி மேல் அடுக்கி வைத்திருக்கிறான். கோடுகள் எட்டும் ஒரே நீளம். எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன்.

அவன் வந்தபோது கிராங்க்கைக் குழந்தையைப் போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தான். எடை மெஷினைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு கிராங்க்கை மெதுவாக, ஓசைப்படாமல் மேஜையில் வைத்தான். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்பிரிங் எங்கே?"

"அதான் மேஜை மேல இருக்கே, பாப்பா."

"புதுசு எங்கேன்னு கேட்டேன்."

கொஞ்ச நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கையில் அழுக்கே இல்லை. பிறகு, அம்மாதான் சொன்னாங்க என்றான். போன வருஷம் மூன்றாவது வளைவில் நான் வண்டியைக் கவிழ்த்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லையாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஆறாயிரத்துக்கு மேல் இன்ஜின் திணறும். இதற்கு மேல் வராது போலிருக்கிறது என்று நானே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன் என்று நினைத்தானாம்.

"நான் காலை எடுக்கலேன்னா?"

அவனுக்குத் தெரியாததா? மற்ற எல்லாமே எட்டாயிரத்துக்குத் தயாரான இன்ஜின் ஆறாயிரத்தோடு நிற்காது. சுற்று ஏறும், வால்வ் மூட நேரமில்லாமல் திறந்தபடி தொங்கும், பிஸ்டன் மேலே வந்து அதை இடிக்கும். இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் நிற்கும். அது வளைவின் நடுவில் நடந்தால் என்ன ஆகும் என்று இன்ஜின் பூட்டுகிறவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னேன், ஒவ்வொன்றாக, ஒரு பழைய பிஸ்டனையும் ஒரு வால்வையும் கையில் எடுத்து மோதிக் காட்டி.

"போன வருஷம் வண்டியை நான் கவுத்தேன். இந்த வருஷம் நீ என்னைக் கவுத்திருப்பே."

"அப்படி யோசிக்கல, பாப்பா."

"பாப்பான்னு கூப்பிடாதே. ஆறாயிரம் போதும்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். அதுக்குத்தானே அண்ணன்?"

அப்போது அம்மா ஷெட் வாசலில் வந்து நின்றாள். தன் மெஷினை எவள் எடுத்தது என்று கேட்டபடியே வந்தவள், அதன் மேலிருந்த எண்ணெய்க்கறையையும் எங்கள் முகங்களையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவள் சொல்லித்தான் இதைச் செய்தானாமே என்று நான் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கினேன். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. கோபத்தில் அம்மாவுக்குக் குரல் ஏறாது, இறங்கும்.

"நான் எப்போடா சொன்னேன்? பயமா இருக்குன்னு சொன்னேன். பயமா இருக்கறதும் நீ திருட்டுத்தனமா இதைச் செய்யறதும் ஒண்ணா?"

அவன் தலை குனிந்தான். போன வருஷம் அந்த வளைவில் கொடி பிடித்துக்கொண்டு நின்றது அவன்தான் என்றும், வண்டி உருண்டது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது என்றும் தரையைப் பார்த்துச் சொன்னான். அதை என்னிடம் அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அவன் தோளில் கை போட்டிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை.

"உன் பயத்தை எங்கே வேணா வெச்சுக்கோ. என் இன்ஜினுக்குள்ள வைக்காதே."

புது ஸ்பிரிங்குகள் அம்மாவின் தையல் மெஷின் மேஜையின் கீழ் இழுப்பறையில் இருந்தன. அதை அம்மா திறப்பதே இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவனே போய் எடுத்துவந்தான். இனி பூட்டுவதும் நானே என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவனைவிட நன்றாக அந்த வால்வுகளை யாராலும் பூட்ட முடியாது. அதுவும் என் கோபத்தை இன்னும் கூட்டியது.

கைப்பிடியை நான் பிடித்தேன். முள்ளைப் பார்த்துச் சொல்வது அவன். அம்மா பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டாள், தன் எடை மெஷின் திரும்பக் கிடைக்கும் வரை நகர்வதில்லை என்பதுபோல.

முதல் ஸ்பிரிங்கை அமுக்கினேன்.

"நாப்பத்தி ரெண்டு," என்றான்.

நான் கைப்பிடியை விடாமல் குனிந்து பார்த்தேன். நாற்பத்திரண்டுதான். அவன் அடுத்ததை எடுத்து வைத்தான். அமுக்கினேன்.

"நாப்பத்தி ரெண்டு."

மறுபடியும் குனிந்தேன்.

அவன் மெஷினை எனக்கு நேராகத் திருப்பி வைத்தான். பிறகு எண்ணைச் சொல்லவில்லை. மூன்றாவது ஸ்பிரிங்கை நிறுத்திவிட்டு, நான் பார்ப்பதற்காகக் காத்திருந்தான்.