ஏழாம் தூணின் துரு

கடற்கரையில் கட்டவிருந்த பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஆழிப்பூங்கா என்று 2004 ஜூன் மாதம் பேர் வைத்தபோது அந்தப் பேரில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. அதே வருஷம் டிசம்பர் இருபத்தாறாம் தேதி ஆழிப்பேரலை வந்துபோன பிறகு, கிள்ளை பக்கம் அந்தப் பேரைச் சொன்னாலே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதலாளிகள் மாற்றவில்லை. போர்டு எழுதியாகிவிட்டது என்றார்கள். ரோலர் கோஸ்டருக்காக வந்து இறங்கியிருந்த பதினான்கு இரும்புத் தூண்களும் எட்டு மாதம் உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்தன. பிறகு அவற்றைக் கழுவி நிமிர்த்தி நட்டார்கள். நட்டதோடு சரி. வேலை ஆறு மாதம் நடக்கும், ஒரு வருஷம் நிற்கும். முதலாளி மாறுவார், போர்டில் திறப்பு விழா தேதி மாறும், தூண்கள் மட்டும் கடல் காற்றைக் குடித்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

இப்படி ஓர் இடத்துக்கு ரசிகர் மன்றம் வைப்பார்களா? வைத்தார்கள். வெளிவராத படத்துக்கே கட்-அவுட் வைக்கிற ஊர், திறக்காத பூங்காவுக்கு மன்றம் வைத்தால் என்ன குறைந்துபோகும்? சிதம்பரத்தில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்த செம்பியன்தான் 2006-இல் ஆர்குட்டில் ‘ஆழி ரசிகர்கள்’ என்று ஒரு குழுவை ஆரம்பித்தான். சென்னைப் பூங்காக்களில் இருக்கிற ஒவ்வொரு ராட்டினத்தையும் அவனுக்குத் தெரியும். நம் பக்கத்திலும் ஒன்று வரப்போகிறது என்பதை அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை, சந்தோஷத்தில். இருநூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அதில் பத்துப் பேர் ஞாயிறுதோறும் சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துவந்து, பூங்காவுக்கு எதிரே இருந்த மதகின் மேல் உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

அந்தக் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். வாராவாரம் அதே மதகின் மேல், அதே இடத்தில் நின்று, வேலி தாண்டித் தெரியும் தூண்களை ஒரு படம் எடுக்க வேண்டும். மழை பெய்தாலும் சரி, வேலை நின்றுபோயிருந்தாலும் சரி. அதற்கு மதகுப் படம் என்று பேர். ஒரு செங்கல் கூடியிருந்தாலும் அதை வைத்து ஒரு வாரம் பேசுவார்கள். செம்பியனின் தங்கை இசைவாணி, எம்.எஸ்சி. படிக்கிறவள், அத்தனை படங்களையும் தேதி போட்டுச் சேர்த்து வைத்திருந்தாள்.

சண்டைக்குக் குறைவே இல்லை. ரோலர் கோஸ்டர் நிற்கிற பகுதியை அலையாத்திக் காடு மாதிரி செய்ய வேண்டும் என்பாள் இசைவாணி. பாழடைந்த துறைமுகம் மாதிரி, கரை ஒதுங்கிய பழைய கப்பல் மாதிரி செய்ய வேண்டும் என்பான் செம்பியன். கடலூர் முதுநகரில் ரீசார்ஜ் கடை வைத்திருந்த ஆரோக்கியராஜுக்கு இரண்டும் பிடிக்காது.

“காடு இன்னா, கப்பல் இன்னா? அம்பது அடியிலேர்ந்து வுழுவும்போது எவன்டா செவுத்துப் பெயிண்ட்ட பாக்கறான்? ஸ்பீடு வேணும் மச்சான், ஸ்பீடு.”

“பாக்கறவன் பாப்பான். நீ கண்ண மூடிக்கிற ஆளு” என்பான் செம்பியன்.

இந்த ஆரோக்கியராஜ் ஒவ்வொரு ஞாயிறும் முப்பது மைல் பைக் ஓட்டி வருவான். வந்ததும் செம்பியனோடு சண்டை பிடிப்பான். திரும்பிப் போகும்போது அவனை பஸ் ஸ்டாண்டு வரை ஏற்றிக்கொண்டு போய் விடுவான். நாலு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

2010 கடைசியில் ஞானசேகரன் என்று ஒரு புது மேனேஜர் வந்தார். ஃபேஸ்புக்குக்கு மாறி ஆயிரம் பேரைத் தாண்டியிருந்த குழுவின் சண்டைகளை ஒன்றுவிடாமல் படித்தவர், செம்பியனைக் கூப்பிட்டனுப்பினார். பாழடைந்த துறைமுகத்தை வரைந்து காட்டச் சொன்னார். செம்பியன் ஒரு வாரம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வரைந்தான். தூண்கள் பதினான்கிலும் துருப்பிடித்த மாதிரி வண்ணம் அடிக்க வேண்டும். ஆணித் தலையிலிருந்து ஒழுகுகிற செம்பழுப்புக் கோடுகள், உரிந்த பெயிண்ட், உப்புப் பூத்த வெள்ளைத் திட்டுகள். மொத்தம் நாற்பத்திரண்டு கறைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவம், தனித்தனி எண். மேனேஜர் பார்த்த மாத்திரத்தில் கையைக் குலுக்கினார்.

அடுத்த ஞாயிறு மதகில் எல்லோரும் செம்பியனைக் கொண்டாடியபோது ஆரோக்கியராஜ் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் மச்சான், எல்லாத் தூணுலயும் துரு வரைஞ்சிட்டா நெஜத் துரு வந்தா எப்படிடா கண்டுபுடிப்பாங்க?”

“பொறாமடா ஒனக்கு.”

“பொறாமதான்” என்று ஆரோக்கியராஜும் சிரித்துவிட்டான். பேச்சு அத்தோடு போயிற்று.

சிதம்பரத்து பெயிண்டர் கண்ணாயிரம் சாரம் கட்டி மூன்று மாதம் அடித்தார். கைதேர்ந்த ஆள். கிட்டப் போய்ப் பார்த்தாலும் பெயிண்ட் என்று தெரியாது. முதலாளி அமர்த்திய இன்ஜினியர் ஒருவர் தூண்களைப் பார்க்க வந்தபோது முதலில் திடுக்கிட்டாராம். தீமிங், அழகுக்கு அடித்த பெயிண்ட்தான் என்று சொன்னதும் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாராம். இந்தக் கதையைச் செம்பியனே குழுவில் எழுதினான். எழுநூறு லைக் விழுந்தது.

மே மாதத்தில் ஒருவர் மதகுப் படத்தைப் பெரிதாக்கி, ஏழாம் தூணை வட்டமிட்டுப் போட்டார். ‘நாற்பத்திரண்டில் இதுதான் உச்சம். இது வரைந்தது மாதிரியே இல்லை’ என்று கீழே எழுதியிருந்தார். தூணும் குறுக்குச் சட்டமும் சேருகிற இடத்துக்குக் கீழே, கையகல அடர்பழுப்புக் கறை. நடுவில் கறுத்து, ஓரத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. குழுவே அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. எந்தக் கறை பிரமாதம் என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஏழாம் தூண் முக்கால்வாசி ஓட்டு வாங்கியது.

செம்பியன் தன் வரைபடத்தை எடுத்துப் பார்த்தான். ஏழாம் தூணில் அவன் வரைந்தது மூன்று கறைகள், மூன்றும் அடிப்பக்கம். மேலே ஒன்றும் இல்லை. கண்ணாயிரம் தன் சொந்தக் கைவரிசையைக் காட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். ‘அது நான் வரைந்தது இல்லை’ என்று தட்டச்சுச் செய்தான். கீழே ஓடிக்கொண்டிருந்த பாராட்டுகளைப் படித்தான். எழுதியதை அழித்துவிட்டு, ‘நன்றி நண்பர்களே, அதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன்’ என்று போட்டான். மனுஷனுக்குப் புகழ் ஆசை வந்தால் கை தானாக எழுதும். அவன் கை எழுதியது.

ஆடியில் திறக்கக் கூடாது என்று முதலாளி வீட்டில் சொல்லிவிட்டதால், 2011 ஆவணி முதல் ஞாயிறு திறப்பு விழா என்று முடிவாயிற்று. முதல் வண்டியில் ஏறப்போவது ஆழி ரசிகர்கள் பன்னிரண்டு பேர். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இசைவாணிக்கு முன் வரிசை விழுந்தது. ஆரோக்கியராஜுக்கு விழவில்லை. அதற்காக அவன் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.

விழாவில் திரையில் காட்டுவதற்காக இசைவாணி மதகுப் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்த செம்பியனைக் கூப்பிட்டாள்.

“இங்க பாருண்ணே. ஏழாந்தூண மட்டும் பாரு. மார்ச்ல பொட்டு மாதிரி இருக்கு. மே மாசம் கையளவு. இப்ப பாரு, சட்டத்த சுத்தி வளைச்சிடுச்சி. வாராவாரம் போயி பெருசாக்குனியா? எங்கிட்ட கூட சொல்லவே இல்ல.”

படங்கள் ஓடின. கறை வளர்ந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். மறுபடி வளர்ந்தது. 

“ஆமா. கொஞ்சம் கொஞ்சமா பண்ணாதான் இயற்கையா இருக்கும்” என்றான்.

அந்தப் பொய் அவனையே பயமுறுத்தியது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் கண்ணாயிரத்தைக் கையோடு அழைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனான். சாரத்தின் ஏணி இன்னும் அவிழ்க்காமல் இருந்தது. கண்ணாயிரம் ஏழாம் தூணை அண்ணாந்து பார்த்தார்.

“அத நான் போடல தம்பி. நீங்க குடுத்த படத்துல நாப்பத்தி ரெண்டு. நாப்பத்தி ரெண்டுதான் போட்டன். அது நீங்களே ஏறிப் போட்டதுன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருக்கன். எல்லாரும் அப்படித்தான சொன்னாங்க?”

செம்பியன் ஏணியில் ஏறினான். கறையைக் கையால் தடவினான். பெயிண்ட் வழவழப்பாக இருக்கும். இது சொரசொரவென்று இருந்தது. கடைச் சாவியை எடுத்துக் கீறினான். அப்பளம் மாதிரி ஒரு பட்டை உதிர்ந்து விழுந்தது. அதன் கீழே இன்னொரு பட்டை. சாவி முனையை வைத்து அழுத்தினான். உள்ளே போயிற்று. இரும்புக்குள் சாவி போகிறது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினான்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனான். அங்கே சுவர் முழுக்க அவன் வரைந்த துறைமுகம் பெரிதாக மாட்டியிருந்தது. கீழே அவன் பேர்.

“சார், ஏழாந்தூண கொஞ்சம் பாக்கச் சொல்லணும்” என்றான்.

“ஏன், கலர் போயிடுச்சா?”

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். சொன்னால், அது யார் வரைந்தது என்று கேட்பார். எழுநூறு பேருக்கு முன்னால் போட்ட நன்றிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏழு வருஷம் காத்திருந்து வந்த தேதியைத் தள்ளிப்போட்டவன் என்று குழுவே காறித் துப்பும்.

“ஒரு மாதிரி… உதிருது சார்.”

“அவ்வளவுதான? டச்சப் பண்ணிடலாம். கவலையே படாதீங்க. மணல் மூட்ட வச்சு ரெண்டு தரம் ஓட்டிப் பாத்தாச்சு.”

டச்சப் பண்ணினார்கள். ஞாயிறு காலை செம்பியன் போய் நின்றபோது ஏழாம் தூணின் கறைமேல் புத்தம்புதிய பழுப்பு வண்ணம் மின்னிக்கொண்டிருந்தது. அதன் கீழ் விளிம்பில், தலைமுடி அளவு கறுப்புக் கோடு ஒன்று சட்டத்தை நோக்கிப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை அது இல்லை.

கொட்டு முழங்கியது. வாழைமரம், சீரியல் பல்பு, ஸ்பீக்கரில் பாட்டு. மேடைக்குப் பக்கத்திலேயே வண்டி ஏறும் இடம். பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தாயிற்று. இசைவாணி முன் வரிசையில் உட்கார்ந்து அண்ணனைப் பார்த்துக் கையாட்டினாள். செம்பியன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, அவள் காதருகே குனிந்தான்.

“எறங்கு.”

“ஏன்ணே?”

“ஏழாந்தூணுல இருக்கறது நான் வரைஞ்சதில்ல. நெஜத் துரு. உள்ள ஒண்ணுமில்ல. பொய் சொல்லிட்டன் வாணி. எறங்கிடு.”

அவள் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். “கெடைக்கற பாராட்ட வாணாம்னு சொல்ற ஆளில்ல நீ” என்றாள் மெதுவாக. “நீ சொல்றன்னா நெஜமாத்தான் இருக்கும்.” இறங்கினாள். இறங்கியதும் அவன் சட்டையைப் பிடித்தாள். “மத்தவங்க கிட்ட சொல்லு. இப்பவே சொல்லு.”

சொல்லத்தான் திரும்பினான். அதே நேரம் ஸ்பீக்கரில் ஞானசேகரனின் குரல் எழுந்தது.

“நம்ம துறைமுகத்தோட சிற்பி, துரு மன்னன் செம்பியன் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம்!”

நாலு பேர் அவனைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போனார்கள். இசைவாணியைக் கூட்டம் பின்னுக்குத் தள்ளியது; அவள் கத்தியது ஸ்பீக்கர் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. மேனேஜர் பொன்னாடையை விரித்தார். பொன்னாடை என்றால் எவனும் குனிவான். அது பழக்கம். செம்பியன் குனிந்தான். கூட்டம் கைதட்டி முடிக்கும் வரை குனிந்தே இருந்தான். அரை நிமிஷம் இருக்குமா? அந்த அரை நிமிஷம் அவனுக்குப் பிடித்திருந்தது. அதுதான் கொடுமை.

நிமிர்ந்தபோது முன் வரிசையில், இசைவாணி இருந்த இடத்தில், ஆரோக்கியராஜ் உட்கார்ந்திருந்தான். காலி சீட்டைக் கண்டதும் கயிற்றைத் தாண்டிக் குதித்திருக்கிறான். மடிமேல் கம்பி இறங்கிப் பூட்டியாயிற்று. ரீசார்ஜ் கடைக்காரன் முகம் முழுக்கச் சிரிப்பு.

“மச்சான்! ஏழாந்தூணு வரும்போது போட்டோ எடுடா!”

செம்பியன் மேனேஜர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான்.

“வண்டிய நிறுத்துங்க! அது நான் வரைஞ்சதில்ல! ஏழாந்தூணுல இருக்கறது என் வேலயே இல்ல!”

ஞானசேகரன் அவன் தோளை அணைத்து, மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா? இவ்வளவு தன்னடக்கம் யாருக்கு வரும்?”

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். விசில் பறந்தது. இசைவாணி வண்டி ஓட்டுகிறவனின் கூண்டுக்கு ஓடிக் கண்ணாடியைத் தட்டினாள். மேனேஜர் சொல்லணும் என்று அவன் சைகை காட்டினான். மேனேஜர் கைதட்டிக்கொண்டிருந்தார். சங்கிலி வண்டியைக் கவ்விக்கொள்ளும் சத்தம் கேட்டது. டக், டக், டக் என்று வண்டி ஏறத் தொடங்கியது.

செம்பியன் மேடையிலிருந்து குதித்து ஏழாம் தூணை நோக்கி ஓடினான். பொன்னாடை காலில் சிக்கியது. “ஆரோக்கியம்! ஆரோக்கியம்!” என்று தொண்டை கிழியக் கத்தினான். மேலேயிருந்து ஆரோக்கியராஜ் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்டான். ஒன்றும் விளங்காமல், இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக் காட்டினான். வண்டி மூன்றாம் தூணைத் தாண்டியது.