கிண்ணத்துக்குள் விட்ட பால்

நான் காவல் காத்தது வெறும் மண்ணை. சொன்னால் சிரிப்பார்கள். லண்டன் ஹவுன்ஸ்லோவுக்கு அப்பால் சரளைக்கல் தோண்டும் கம்பெனி ஒன்று ஒரு வயலை வாங்கியிருந்தது. தோண்டுவதற்கு முதல், கீழே பழங்காலத்து எதுவும் கிடக்கிறதா என்று பார்க்க அகழ்வாராய்ச்சிக்காரருக்குப் பத்துக் கிழமை அவகாசம் கொடுத்திருந்தார்கள். 1996ஆம் ஆண்டு, சித்திரை மாதம். என்னோடு ஒரே அறையில் இருந்த செல்வரத்தினம் அண்ணைதான் அந்த செக்யூரிட்டி வேலையை எடுத்துத் தந்தார்.

"களவெடுக்க அங்கை ஒண்டுமில்லை, பாலேந்திரா. கதிரையிலை சும்மா குந்தியிருந்தால் போதும்" என்றார்.

கிடைத்தது ரோமர் ஆட்சியின் கடைசிக் காலத்துக் குடியிருப்பு. மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். மரத்தூண் நட்ட குழிகள், தானியம் காயவைத்த அடுப்பு, ஒரு கிணறு, வளவைச் சுற்றி ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முந்திய பயிர்செய்த கமக்காரர் யாரோ இருந்த இடம். வாய்க்காலைத் தோண்டியவள் கத்தரின். முழங்கால்வரை சேறு, வாயில் எப்போதும் ஏதாவது சாப்பாடு. அந்தக் குழுவில் என்னோடு நின்று கதைத்த ஒரே ஆள் அவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாய்க்காலின் அடியில் மாட்டெலும்பு, உடைந்த சட்டி, சிப்பி ஓடு. அவற்றுக்கு நடுவே கோழியெலும்பு போல மெல்லிய எலும்புகள். பிறந்து ஒரு மாதமும் ஆகாத குழந்தை என்றாள். தலைமாட்டில் ஒரு சின்னக் கிண்ணம், மண் நிரம்பி நிமிர்ந்தபடி இருந்தது.

குழுவின் தலைவர் ஒரு தாடிக்காரர். வந்து எட்டிப் பார்த்தார். "குப்பையோடு குப்பையாக எறிந்திருக்கிறார்கள். பச்சைக் குழந்தைகளை அப்படித்தான் செய்வார்கள்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

கத்தரினுக்கு முகம் சிவந்துவிட்டது. "எறிந்த பிள்ளைக்கு யார் கிண்ணம் வைப்பார்கள்? இது எறிந்த பிள்ளை இல்லை. நான் நிரூபிக்கிறேன்" என்றாள். எப்படி நிரூபிப்பாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்துவிட்டதால் திங்கட்கிழமை படம் எடுத்துவிட்டுத் தூக்குவது என்று முடிவாயிற்று. பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "இதை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நான் தனியே இருந்தேன். எறிந்தது என்ற அந்தச் சொல் காதை விட்டுப் போகவேயில்லை. என் சட்டைப் பையில் நாலு மாதமாக ஒரு கடிதம் கிடந்தது. மனைவி வசந்தமலர் எழுதியது. நான் லண்டனுக்கு வரும்போது அவளுக்கு வயிற்றில் மூன்று மாதம். முந்தின வருடத்து ஐப்பசி இடப்பெயர்வில், ஆமி வருகுதென்று யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது, பிறந்து இருபத்தைந்து நாளான மகளைத் தூக்கிக்கொண்டு அவளும் மழைக்குள் நடந்திருக்கிறாள். நாவற்குழிப் பாலம் தாண்டமுதல் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டது.

"எனக்குப் பால் வத்திப்போச்சு. குழிக்குள்ளை விடக்கூட ஒரு சொட்டுப் பால் கிடைக்கேல்லை. குழிக்குள்ளை தண்ணி நிண்டது. எறிஞ்ச மாதிரித்தான் விட்டிட்டு வந்தனான்" என்று எழுதியிருந்தாள்.

எங்கள் ஆட்கள் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை. புதைப்போம். வாயில் பால் விட்டுத்தான் மண் போடுவோம். அந்தப் பாலை விட வேண்டிய தகப்பன் நான், இங்கே கதிரையில் உட்கார்ந்து மண்ணுக்குக் காவல் இருந்தேன். வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. எழும்பிக் கொட்டிலுக்குள் போய்த் தேநீருக்கு வைத்திருந்த பால் போத்தலை எடுத்து வந்தேன். வாளியையும் விரிப்பையும் அகற்றினேன். எலும்பில் படக்கூடாது என்ற அளவுக்குப் புத்தி இருந்தது. கிண்ணத்துக்குள் விட்டேன். மண் அதை உறிஞ்சிவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டேன். பிறகு அந்த வாய்க்கால் கரையில் குந்தியிருந்து, பார்க்காத என் பிள்ளைக்காக வாய்விட்டு அழுதேன்.

திங்கட்கிழமை கத்தரின் வாளியைத் தூக்கியதும் நானாகவே சொன்னேன். சொன்னால் சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்தேன், மொக்கன்.

"பாலா? கிண்ணத்துக்குள்ளேயா?" என்றாள். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு விளக்கினாள். பழைய சட்டிக்குள் என்ன இருந்தது என்று அதில் ஊறிய கொழுப்பை வைத்து ஆய்வுகூடத்தில் கண்டுபிடிப்பார்களாம். உள்ளே பால் இருந்தது என்று வந்தால், அந்தக் குழந்தையை யாரோ அன்போடு வைத்தார்கள் என்று அவள் அடித்துச் சொல்லியிருப்பாள். இனி எதுவும் சொல்ல ஏலாது. பால் என்று வந்தாலும் அது என்னுடைய பால்.

"ஏன் செய்தீர்கள்?" என்று கேட்டாள். என்னிடம் இருந்த இங்கிலிஷில் "என் மகள்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பதிவுத் தாளில் கிண்ணத்துக்கு நேரே 'மாசுபட்டது' என்று மட்டும் எழுதினாள். அடுத்த கிழமை இயந்திரங்கள் வந்து வாய்க்காலையும் கிணற்றையும் அள்ளிக்கொண்டு போயின.

இரண்டு வருடம் கழித்து வசந்தமலர் லண்டன் வந்து சேர்ந்தாள். அதே மாதம் கத்தரின் அந்த அகழ்வின் அறிக்கையைத் தபாலில் அனுப்பினாள். எங்கள் வாய்க்கால் குழந்தைக்கு அதில் இரண்டு வரி கிடைத்திருந்தது. 'சிசு ஒன்றின் எலும்புகள், வீட்டுக் கழிவுகளுடன் வாய்க்காலில் எறியப்பட்டவை. அருகிலிருந்த கிண்ணம் அதற்காக வைக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை.'

வசந்தமலர் அடுப்படியிலிருந்து வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது. வாய்க்காலில் கிடந்த பிள்ளையைப் பற்றி முன்பே கடிதத்தில் எழுதியிருந்தேன்.

"நீங்கள் காவல் காத்த இடமோ? அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கோ?"

"ஓம்."

"என்ன எழுதியிருக்கு?"

நான் அந்த இரண்டு வரியையும் இன்னொருமுறை பார்த்தேன். "தலைமாட்டிலை கிண்ணத்திலை பால் வைச்சுத்தான் புதைச்சிருக்கினமாம்" என்றேன்.

அவள் கையை உடுப்பில் துடைத்தாள்.

"அந்தத் தாயிட்டையாவது பால் இருந்திருக்கு" என்றாள்.