மேஸ்திரி முதலில் தொட்ட கை

"கல்லைக் கீழே போடுடா!"

சங்கிலி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நெட்டை திமிறினான். பட்டறை மதிலுக்குப் பின்னால், சரியாக விடியாத வெளிச்சத்தில், அரைச் செங்கல்லை வைத்துத் தன் உள்ளங்கையையே தேய்த்துக்கொண்டிருந்தான். செங்கல் சிவப்பு எது, ரத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை.

"விடுக்கா. நேத்து மேஸ்திரி 'கை இளகிருச்சு, போடா'ன்னுட்டாரு. இன்னிக்கும் திருப்பி அனுப்பினா வீட்ல அடுப்பு எரியாது."

"அதுக்கு?"

"தேய்ச்சா காய்ச்சுப் போகும்ல? எல்லாரும் இதைத்தானே பண்றாங்க."

உண்மைதான். மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவனும் வாசற்படியில் உட்கார்ந்து இதைத்தான் செய்தான்.

அது மரக்கம்பப் பட்டறை. கம்பங்களை நீண்ட இரும்புத் தொட்டிக்குள் தள்ளி மூடி, கரையான் அரிக்காமலிருக்கப் பச்சை மருந்தை ஏற்றுவார்கள். திறந்ததும் மருந்து சொட்டச் சொட்ட வரும் கம்பத்தைச் சங்கிலி மாட்டி இழுக்க வேண்டும். வெறும் கைதான். கையுறை கேட்டால், "வழுக்கும்" என்பார் முதலாளி. முதலில் கணவன் சங்கிலி மாட்டினான். அவனுக்குப் பின் அவள். வேலையே பெயராகிவிட்டது.

அவனுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. "தினமும் காலையில மேஸ்திரி யார் கையை முதல்ல தொடுறாரு? என் கையை! அப்புறந்தான் மத்தவனுங்க. தெரிஞ்சுக்கடி." இரண்டு வருடம் அப்படி நடந்தது. பிறகு ஒரு காலை, "இளகிருச்சு." பிறகு செங்கல். ஆறாத புண். கையைத் தோளோடு எடுத்தார்கள். கடைசியில் ஆளே இல்லை.

"வேலையை விட்டுப் போய் மாசக்கணக்காச்சு. அவனுக்கு வந்ததுக்கும் பட்டறைக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் முதலாளி. அந்த வார்த்தையை அவள் விழுங்கவில்லை. பல்லுக்கடியிலேயே வைத்திருந்தாள்.

இப்போது நெட்டையின் கையைத் திருப்பி ரத்தத்தைத் துடைத்தாள். தோலுக்குள் பச்சரிசி பதித்ததுபோல் சின்னச் சின்ன மணிகள். இதே மணிகளை அவள் தினமும் தலையணை ஓரம் கிடந்த கணவன் கையில் பார்த்திருக்கிறாள்.

ஏழு மணி. சங்கு ஊதியது.

கேட்டுக்குள் எல்லாரும் கையை நீட்டி நின்றார்கள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைச் சுண்டுவிரல் மேட்டிலிருந்து மெல்ல உருட்டிக்கொண்டே வந்தார். நெட்டையிடம் நின்றார்.

"இளகிருச்சு. போ."

"ரத்தமே வருது மேஸ்திரி! இதுக்கு மேல எப்படி இறுகும்?"

"போடான்னா போ."

காரிலிருந்து இறங்கிய முதலாளி தெருவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து முகம் சுளித்தார். அங்கே ஆஸ்பத்திரி வேன் ஒன்று நின்றது. அதில் கட்டியிருந்த துணியில் எழுதியிருந்தது: 'தோல் புற்றுநோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்போம். இலவசம்.'

"அது கடற்கரையில எண்ணெய் தடவிப் படுத்துக் கெடக்கறவனுக்கு வர்ற நோய். உங்களுக்கு எதுக்கு அந்த ஆசை?" என்று சிரித்தார். "அந்த வேன் பக்கம் போறவன் இந்த கேட் பக்கம் திரும்பி வர வேண்டாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது முதலாளி" என்றாள் சங்கிலி. தோளில் கிடந்த இரும்புச் சங்கிலியைக்கூட இறக்காமல் நெட்டையை இழுத்துக்கொண்டு நேராக வேனுக்குப் போனாள்.

நர்ஸ் அவன் கையைக் கழுவினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைச் சுண்டுவிரல் மேட்டிலிருந்து மெல்ல உருட்டினாள்.

சங்கிலி குனிந்து அந்த விரலையே பார்த்தாள்.

"ஏம்மா, ஏன் கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கறீங்க?"

"ஆரம்பத்துல கண்ணுக்குச் சரியாத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். காய்ப்பு பரவலா இருக்கும். இது மணிமணியா நிக்கும். மருந்துல இருக்கற விஷம் வருஷக்கணக்கா ஏறினா இப்படி வரும்." நர்ஸ் நிமிர்ந்தாள். "தம்பிக்கு இன்னும் புற்றாகலை. இப்பவே அந்த மருந்தை விட்டு விலகி வைத்தியம் பண்ணினா கையைக் காப்பாத்திடலாம். எல்லாரும் புண்ணான அப்புறந்தான் வர்றாங்க."

"இப்படித் தடவிப் பாக்க தானா வருமா?"

"எப்படி வரும்? எங்க டாக்டர் ஒரு மாசம் கையைப் பிடிச்சுச் சொல்லிக்கொடுத்தாரு."

சங்கிலி மெதுவாகத் திரும்பி கேட்டைப் பார்த்தாள். பல்லுக்கடியில் இருந்தது இப்போது நாக்குக்கு வந்தது.

"நெட்டை, ஓடு. 'இளகிருச்சு'ன்னு யாரையெல்லாம் விரட்டினாங்களோ அத்தனை பேரையும் எழுப்பிக் கூட்டிட்டு வா. கையைக் கழுவிட்டு வரச் சொல்லு."

ஒரு மணி நேரத்தில் தெரு நிறைந்தது. நர்ஸ் ஒவ்வொரு கையாகத் தடவினாள். மணி. மணி. மணி. சிலருக்குப் புண்ணே ஆகியிருந்தது. பத்து வருடம் தன்னைச் சோம்பேறி என்று நம்பிய ஒருவன் நர்ஸின் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதான். உள்ளே வேலையில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பாதி இழுத்த கம்பத்தை அப்படியே போட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை, வெளியே வந்தார்கள், கடைசி ஆள்வரை.

தடுக்க ஓடி வந்த மேஸ்திரியை அவர்கள் உள்ளே திரும்ப விடவில்லை. முதலாளியும் காரும் உள்ளே. சங்கிலி கேட்டை இழுத்துச் சாத்தி, தன் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினாள்.

"ஏய்! தெறடி! போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க முதலாளி. அவங்க கையையும் பாத்து அனுப்பறோம்."

கூட்டம் சிரித்தது. பல வருடம் அடக்கி வைத்த சிரிப்பு. பயமுறுத்தும் சத்தமாக வந்தது.

அவள் மேஸ்திரியின் பக்கம் திரும்பினாள். மிச்சச் சங்கிலி அவள் முஷ்டியில் தொங்கியது. "யாரு சொல்லிக்கொடுத்தா?"

"என்ன... என்ன சொல்லிக்கொடுக்கறது?"

கம்பிக்குப் பின்னாலிருந்து முதலாளி கத்தினார்: "மேஸ்திரி, வாயைத் தெறக்காதே! உன் கையும் இளகி நாளாச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

எல்லாருடைய கண்ணும் மேஸ்திரியின் கைக்குப் போனது.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று முதலாளிக்கு உறைத்தது. மேஸ்திரி தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அவராகவே அதை நர்ஸ் முன் நீட்டினார்.

"முதலாளிதான் ஒரு டாக்டரைக் கூட்டிட்டு வந்தாரு" என்றார். "மணி தட்டுப்பட்டா அன்னிக்கே வெளியே அனுப்பணும். காரணம் கேட்டா இளகிருச்சுன்னு சொல்லணும். வேலையில இருக்கும்போது புண்ணாச்சுன்னா பட்டறை பதில் சொல்லணும்ல. அதுக்கு முன்னாடியே..."

சங்கிலியின் கை ஓங்கியது. இரும்பு காற்றில் சுழன்றது.

அந்த முஷ்டியின்மேல் நெட்டையின் கட்டுப் போட்ட கை விழுந்தது. "அடிச்சா இவன் வாய் மூடிரும்கா. உள்ள இருக்கறவனுக்கு அதான் வேணும்."

இன்னொரு கை வந்தது. இன்னொன்று. மணி உள்ளவை, இல்லாதவை. இரும்பு கீழே இறங்கியது.

"சரி, அடிக்கல. கோர்ட்டு, ஆபீசு, எங்க கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்லுவான். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு கம்பத்தைத் தொடக்கூடாது." அவள் மேஸ்திரிக்கு மிக அருகில் போனாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் வீட்டுக்காரர் கையை ரெண்டு வருஷம் தினமும் முதல்ல தொட்டியே. மணி இருந்தும் அவரை மட்டும் ஏன் அன்னிக்கே அனுப்பல?"

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"டாக்டர் அந்தக் கையை வச்சுத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாரு. மணி எப்படி இருக்கும்னு என் விரல் மறந்துடக்கூடாதாம். தினமும் முதல்ல அவன் கையைத் தொட்டுட்டு மத்தவங்களைப் பாக்கச் சொன்னாங்க. அதுக்காகத்தான் புண்ணாகப் போற வரைக்கும் அவனை வச்சிருந்தோம்."

சங்கிலி அழவில்லை. நர்ஸிடம் திரும்பினாள்.

"அதையும் எழுதிக்கங்கம்மா."